நுரை போதாது

அந்த ஸ்டூடியோவில் அவளுக்கு முதுகு என்று பெயர். கேலிக்கு வைத்த பெயர் இல்லை, வேலைக்கு வைத்த பெயர். ஷாம்பூ விளம்பரத்தில் ஒரு பெண் சட்டென்று திரும்பிச் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு ஒரு நடிகைக்குச் சொந்தம். அதற்கு முந்தைய நொடியில் இடுப்புக்குக் கீழே இறங்கி ஆடுகிற கூந்தல் இவளுக்குச் சொந்தம். நடிகையை முகம் என்பார்கள், இவளை முதுகு என்பார்கள். இரண்டையும் ஒட்டி ஒரே பெண்ணாக்குகிற வேலையை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவர் பார்த்துக்கொள்வார். முகமும் முதுகும் நேரில் சந்தித்துக்கொண்டதே இல்லை.

"முதுகு வந்தாச்சா?" "முதுகுக்கு டீ குடுத்தீங்களா?" "முதுகு, கொஞ்சம் இடப்பக்கம் நகருங்க." இப்படி நாள் முழுக்கக் கூப்பிட்டுப் பழகியவர்களுக்கு அவள் முகம் எப்படியிருக்கும் என்பது நினைவில் தங்காமலே போயிற்று. வாசல் காவலாளி மரியாதை தெரிந்தவர். சாயங்காலம் அவள் வெளியே போகும்போது பின்னாலிருந்து, "போயிட்டு வாங்கம்மா!" என்று வாய் நிறையச் சொல்வார். மறுநாள் காலையில் அதே அம்மா எதிரே வந்து நின்றால், "யாரும்மா நீங்க, யாரைப் பாக்கணும்?" என்பார். அவள் கோபித்துக்கொள்வதில்லை. பேசாமல் திரும்பி நின்று காட்டுவாள். "அட, நீங்களா!" என்று கதவைத் திறந்துவிடுவார்.

இதிலெல்லாம் அவளுக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் வருத்தப்படுவதற்கு அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று தலையில் உட்கார்ந்திருந்தது. அந்தக் கூந்தல்தான் அவள் சம்பாத்தியம்; அந்தச் சம்பாத்தியமோ அந்தக் கூந்தலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. குளியலறைச் சல்லடையில் சுருண்டு கிடக்கும் முடியை எடுத்துப் போடும்போதெல்லாம் அவள் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பாள்.

அந்த முறை வந்தது 'இளந்தூறல்' என்கிற புது ஷாம்பூ. அதைச் செய்தவர் கம்பெனி ஆய்வுக்கூடத்து வேதியியலாளர். அவர் தலையில் மருந்துக்குக்கூட ஒரு முடி கிடையாது. அதனால் எல்லோரும் அவர் காதுபடவே வழுக்கை சார் என்று கூப்பிட்டார்கள், அவரும் திரும்பிப் பார்த்தார். படப்பிடிப்புக்குக் கையில் ஒரு வெப்பமானியோடு வந்து நின்ற ஒரே மனிதர் அவர்தான். தண்ணீர்க் குழாய்க்கு அடியில் அதைப் பிடித்துப் பார்த்துவிட்டு இயக்குநரிடம் போனார்.

"தண்ணி வெதுவெதுப்பா இருந்தாப் போதும் சார், இது ரொம்பச் சூடு. முதல்ல தலையை நல்லா நனைக்கணும். ஷாம்பூவை உள்ளங்கைல கொஞ்சம் தண்ணி விட்டுக் கரைச்சுக்கிட்டு, மண்டையில மட்டும் போடணும். முடியில தேய்க்க வேண்டாம். அலசுறப்ப வழியிற தண்ணியே முடிக்குப் போதும். நகம் படக் கூடாது, விரல் நுனிதான். அப்புறம், நுரை கொஞ்சமாத்தான் வரும். நுரைக்கும் சுத்தத்துக்கும் சம்பந்தமே இல்ல."

பஸ் ஸ்டாண்டு ஒலிபெருக்கி அறிவிப்பை ஜனங்கள் எப்படிக் கேட்பார்களோ, அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தார் இயக்குநர். "நீங்க சொல்றதெல்லாம் சரி சார். ஆனா கேமராவுக்கு மண்டை தெரியாது. நுரைதான் தெரியும்."

ஒரு தடவை நிஜ ஷாம்பூவைப் போட்டுப் பார்த்தார்கள். மெல்லிசாக, அவசரமில்லாமல், ஒரு வெள்ளைப் படலம் வந்தது. முதுகுக்கு அது சுகமாகக்கூட இருந்தது. அந்தச் சுகம் முழுசாக இறங்குவதற்குள் இயக்குநர், "நுரை போதாது!" என்று கத்தினார். அலசிவிட்டார்கள். சாமான்களுக்குப் பொறுப்பான ஆள் கேன்டீனுக்கு ஓடி, எச்சில் தட்டு கழுவுகிற திரவத்தைக் கேனோடு தூக்கிக்கொண்டு வந்தார். இளந்தூறல் பாட்டிலைக் காலி செய்து அதில் இதை ஊற்றினார்கள். வழுக்கை சார் வாயைத் திறப்பதற்குள் அவர் கையில் ஒரு டீயைத் திணித்து வெளியே அனுப்பினார்கள்.

இப்போது வந்ததே நுரை! நெற்றியைத் தாண்டி, கழுத்தைத் தாண்டி, நாற்காலிக் கை வரைக்கும் வழிந்தது. இயக்குநர் கைதட்டினார். பக்கத்தில் குரல் கொடுக்கிற அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு, "உங்கள் உச்சந்தலைக்கு ஒரு தாயின் தொடுதல்..." என்று உருகி உருகி ஒத்திகை பார்த்தாள். அந்தத் தாயின் தொடுதலில் முதுகின் மண்டை பற்றி எரிந்தது. முன்பக்கம் கண்ணீர் தாரை தாரையாக ஓடிற்று, ஆனால் முன்பக்கம் யாருக்கும் தேவைப்படவில்லை.

எரிச்சல் ஏறும்போது அவளுடைய வலது தோள் தானாகக் காதை நோக்கி எழும்பும். அது மட்டும் கேமராவில் தெரிந்துவிடும். "முதுகு, தோளைத் தூக்காதீங்க. சுகமா இருக்கிற மாதிரி இருங்க," என்று இயக்குநர் சத்தம் போடுவார். அவள் கால் விரல்களைத் தரையில் அழுத்திக்கொண்டு தோளை இறக்குவாள். இதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, பல வருஷத்து எரிச்சல் சொல்லித்தந்தது. கொஞ்சம் நுரை சரிந்தால் மறுபடி, வெளிச்சம் மாறினால் மறுபடி, யாரோ தும்மினால் மறுபடி. மென்மையான ஷாம்பூவுக்கு விளம்பரம் எடுத்து முடிக்கும்போது அவளுக்குத் தலையைத் தொடவே பயமாக இருந்தது.

வீட்டில் அவளும் நாத்தனாரும்தான். கணவன் கப்பலில் சமையல்காரன். வருஷத்தில் பாதி நாள் கடல் அவனை வைத்துக்கொள்ளும். நாத்தனாருக்குக் கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிற வேலை. எதையும் உருப்பெருக்கிப் பார்க்கிற சுபாவம் வேலையால் வந்ததா, பிறவியிலேயே இருந்ததா என்று தெரியாது. அண்ணி விளம்பரத்தில் வருகிற செய்தியை அந்தக் கட்டடத்தின் எல்லா மாடியிலும் சொல்லி வைத்திருந்தாள். எதிர் வீட்டு அம்மாள் மட்டும் நம்பவில்லை. "எந்த முதுகுல பேர் எழுதியிருக்கு? நான்கூடத்தான் சொல்லிக்கலாம், அது என் முதுகுன்னு," என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு பாதி, முறைப்பு பாதி.

விளம்பரம் டிவியில் வரத் தொடங்கிய பிறகும் தலை எரிச்சல் அடங்கவில்லை என்பதால், ஒரு நாள் நாத்தனார் கடையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியைக் கொண்டு வந்து, அண்ணியைக் கூடத்து விளக்குக்குக் கீழே உட்கார வைத்து வகிடு பிரித்துப் பார்த்தாள். செக்கச்செவேலென்று தோல், அதன்மேல் வெள்ளை வெள்ளையாகச் செதில், அங்கங்கே சொறிந்த தடம்.

"அண்ணி, இது தலையா, சுண்ணாம்பு உதிர்ற சுவரா?"

"மெதுவாடி. எரியுது."

"எரியாம என்ன பண்ணும்? பாத்திரம் கழுவுறதை மனுஷங்க தலையில ஊத்துறாங்க, நீங்களும் வாயை மூடிக்கிட்டு உக்காந்திருக்கீங்க. இந்தக் காதோரம் பாருங்க, முடியே காணோம். இன்னும் கொஞ்ச நாள் போனா உங்களுக்கும் அந்த வழுக்கை சாருக்கும் வித்தியாசம் தெரியாது."

முதுகு சிரிக்கத்தான் பார்த்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. நாத்தனார் பூதக்கண்ணாடியை மடியில் போட்டுவிட்டு அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுநாளே தோல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் அவசரக்காரர். தலையைப் பார்த்த மாத்திரத்தில் உச்சுக் கொட்டினார். "கண்டதையும் வாங்கித் தலையில போட்டா இப்படித்தான் ஆகும். உங்களை மாதிரி ஆளுங்களுக்கு மண்டைத் தோல்னா என்னன்னே தெரியல. முகத்துல இருக்கிற அதே தோல்தானே அங்கயும் இருக்கு? முகத்தை இப்படிப் போட்டுத் தேய்ப்பீங்களா?"

"தேய்க்க மாட்டேன் டாக்டர்."

"அப்ப தலையை மட்டும் ஏன்?" மேஜை இழுப்பறையைத் திறந்தார். மருந்துக் கம்பெனிக்காரர்களும் ஷாம்பூக் கம்பெனிக்காரர்களும் கொடுத்துவிட்டுப் போன மாதிரிகள் அதில் குவிந்து கிடந்தன. அதிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினார். "புதுசா வந்திருக்கு, இளந்தூறல்னு. இதைப் போடுங்க. டிவியில விளம்பரம் வருது பாருங்க, ஒரு பொண்ணு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்குமே, அதுக்கு என்ன மாதிரி முடி! அதுதான் ஆரோக்கியமான தலை. அதைப் பாத்தாவது கத்துக்கோங்க."

நாத்தனாருக்கு முகம் சிவந்து, வாய் திறந்து, பேச்சு தொண்டையில் சிக்கி, கடைசியில் இருமலாக வெளியே வந்தது. முதுகு அவள் காலை மேஜைக்கு அடியில் மிதித்தாள். "சரிங்க டாக்டர், கத்துக்கறேன்," என்று பாட்டிலை வாங்கிக்கொண்டாள். வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்ததும் இரண்டு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

தான் விற்கிற ஷாம்பூவை முதுகு தன் வீட்டுக் குளியலறையில் முதல் தடவையாகப் போட்டுக்கொண்டது அப்படித்தான். வழுக்கை சார் சொன்னது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. நாத்தனார் ஸ்டூலில் உட்கார்ந்து, வெதுவெதுப்பான தண்ணீரைக் குவளை குவளையாக, அவசரப்படாமல் ஊற்றினாள். முதுகு உள்ளங்கையில் கொஞ்சம் ஷாம்பூவைக் கரைத்து, மண்டையில் மட்டும் வைத்து, விரல் நுனியால் மெல்லச் சுழற்றினாள். முடியை உச்சியில் குவித்துத் துணி துவைப்பதுபோலக் கசக்கவில்லை. அது பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது.

"நுரையே வரல அண்ணி. டூப்ளிகேட்டா இருக்குமோ?"

"இதுதாண்டி ஒரிஜினல்."

எரியவில்லை. அவளால் நம்ப முடியவில்லை. இப்போது எரியும், இதோ எரியப்போகிறது என்று காத்துக்கொண்டே இருந்தாள், எரிச்சல் வரவே இல்லை. நாத்தனார் நிறையத் தண்ணீர் விட்டு, வழவழப்பு போகிற வரைக்கும் பொறுமையாக அலசினாள். துண்டால் அடித்துத் துவட்டாமல், ஒற்றி ஒற்றி ஈரத்தை எடுத்தாள். அன்று ராத்திரி முதுகு தலையணையில் தலை வைத்து, தலை என்று ஒன்று இருப்பதே தெரியாமல் தூங்கினாள். சில வாரங்களில் செதில் குறைந்தது, சிவப்பு மங்கியது, காதோரம் குட்டி குட்டியாக முடி எட்டிப் பார்த்தது. நாத்தனார் பூதக்கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு, பிள்ளை பிறந்த வீடு மாதிரி குதித்தாள்.

கம்பெனியில் மட்டும் குதிக்க முடியவில்லை. விளம்பரம் பிய்த்துக்கொண்டு ஓடியது, ஷாம்பூவும் ஓடியது, கூடவே புகாரும் ஓடி வந்தது. தலை நன்றாக இல்லை என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. நுரை இல்லை என்றுதான் அத்தனை பேரும் சொன்னார்கள். டிவியில் வருகிற நுரை எங்கே, பாட்டிலுக்குள் தண்ணீர் கலந்து ஏமாற்றுகிறீர்களா என்று கேட்டார்கள். விற்பனை மேலாளருக்கு ரத்தக் கொதிப்பு ஏறியது. பெரிய கடைவளாகத்தில் மேடை போட்டு, பொதுமக்கள் கண் முன்னால் முதுகின் தலையை அலசிக் காட்டி, நுரையை நிரூபிப்பது என்று முடிவெடுத்தார்.

முதுகு அவர் அறைக்குப் போய் நின்றாள். மேலாளர் அவளை நிமிர்ந்து பார்த்து, "நீங்க?" என்றார். அவள் வழக்கம்போலத் திரும்பிக் காட்டிவிட்டு மறுபடி முகத்தைத் திருப்பினாள்.

"சார், அன்னிக்கு மட்டும் நிஜ ஷாம்பூவைப் போடுங்க. இப்பத்தான் தலை கொஞ்சம் ஆறிக்கிட்டு வருது. அந்தக் கேன்டீன் தண்ணியை மறுபடி போட்டா எல்லாம் போயிடும்."

"நிஜத்தைப் போட்டா யாரும்மா நம்புவாங்க?" என்றார் மேலாளர். இவ்வளவு விவரம் தெரியாத பெண்ணாக இருக்கிறாளே என்று அவருக்கு மனசுக்குள் பரிதாபமாகவே இருந்தது. "ஜனங்க நுரையைப் பாக்க வர்றாங்க. நான் நுரையைக் காட்டுறேன். இதுல உங்க தலை எங்க வந்துச்சு?"

என் தலையில்தானே வருகிறது என்று அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது, சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்தக் கேள்வி அவளைக் குடைந்தது. இத்தனை வருஷம் பொறுத்தது போதும் என்று ஒரு கோபம் வந்தது. அது பழகாத கோபமாக இருந்ததால் முதலில் அவளுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

நிகழ்ச்சியன்று மேடைக்குப் பின்னால், சாமான் பொறுப்பாளர் நிரப்பி வைத்த பாட்டில் தட்டில் நின்றது. முதுகு தன் கைப்பையிலிருந்து வீட்டுப் பாட்டிலை எடுத்து அந்த இடத்தில் வைத்தாள். தட்டிலிருந்ததைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோல இருந்தன.

கூட்டம் நெரிசல் தாங்கவில்லை. முன்வரிசையில் நாத்தனார்; அவளுக்குப் பக்கத்தில், வலுக்கட்டாயமாக இழுத்து வரப்பட்ட எதிர் வீட்டு அம்மாள். முதுகு மேடையில் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். மேலாளர் மைக்கைப் பிடித்துக்கொண்டு நுரையின் பெருமையைப் பற்றி நீளமாகப் பேசினார். அலங்கார நிபுணி தண்ணீர் விட்டு, பாட்டிலைக் கவிழ்த்து, தேய்த்தாள்.

மெல்லிசாக, அவசரமில்லாமல், ஒரு வெள்ளைப் படலம் வந்தது.

மேலாளர் பேச்சை நிறுத்தினார். "இன்னும் ஊத்து," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். ஊற்றினாள். அதே படலம் கொஞ்சம் பெரிதாயிற்று. கூட்டத்தில் சலசலப்பு. "நாங்கதான் சொன்னோமே, நுரையே வராதுன்னு!" என்று யாரோ கத்த, நாலு பேர் சிரித்தார்கள். மேலாளருக்கு வேர்த்துக் கொட்டியது. ஆனால் விற்பனையில் ஊறிய மனிதர், ஒரு நொடியில் வழி கண்டுபிடித்தார்.

"மன்னிக்கணும், இது ஷாம்பூவோட தப்பு இல்ல," என்றார் மைக்கில். "இந்தம்மா தலையில அழுக்கு ரொம்ப அதிகம். அழுக்கு இருந்தா நுரை வராது, இது விஞ்ஞானம். தலைக்குக் குளிச்சு எத்தனை நாளாச்சோ தெரியல."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. எதிர் வீட்டு அம்மாள் நாத்தனார் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். நாத்தனார் எழுந்து நின்றுவிட்டாள். "எங்க அண்ணி தலையிலயா அழுக்கு? வாயை அலசுங்கய்யா முதல்ல!"

முதுகுக்குக் காது மடல் வரைக்கும் சூடேறியது. எரிச்சலைத் தாங்கியிருக்கிறாள், முகமில்லாமல் இருப்பதைத் தாங்கியிருக்கிறாள். பிழைப்புக்காக நாள் தவறாமல் கழுவப்பட்ட அந்தத் தலையை அழுக்கு என்று சொன்னதைத் தாங்க முடியவில்லை. ஈரத் தலையோடு எழுந்தாள், திரும்பினாள். மேலாளர் கையிலிருந்த மைக்கை வாங்கினாள். அவரும் பழக்கமில்லாத முகம் ஒன்று கேட்கிறதே என்ற குழப்பத்தில் கொடுத்துவிட்டார்.

"இதுதான் நிஜ ஷாம்பூ. இவ்வளவுதான் நுரை வரும். ஆனா தலை எரியாது. என் மண்டையில இருந்த புண்ணு ஆறினதே இதாலதான். டிவியில நீங்க பாத்தது ஷாம்பூ இல்ல." பைக்குள் கைவிட்டு மற்ற பாட்டிலை எடுத்து உயர்த்திப் பிடித்தாள். "இது. கேன்டீன்ல எச்சில் தட்டு கழுவுறது. அதைத்தான் என் தலையில ஊத்தினாங்க."

நகரும் படிக்கட்டு ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. கூட்டத்தின் ஓரத்தில் நின்ற வழுக்கை சார் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். முதுகுக்குப் பாரம் இறங்கினாற்போல இருந்தது. சொல்லியாயிற்று. இனி நியாயம் என்று ஒன்று இருந்தால் அது பேசட்டும் என்று நின்றாள்.

எதிர் வீட்டு அம்மாள் கையைத் தூக்கினாள்.

"ஏம்மா, அந்தத் தட்டு கழுவுறது எந்தக் கடையில கிடைக்கும்?"

"என்னது?"

"இல்ல, டிவியில முடி அவ்வளவு பளபளன்னு இருந்துச்சே. அது இதாலதானே? நுரையும் நல்லா வருதுன்னு நீயே சொல்ற."

"ஆமாம்மா, பேரைச் சொல்லுங்க!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "பெரிய பாட்டில் இருக்கா?" என்றது இன்னொன்று. கூட்டம் மேடையை நோக்கி நகர்ந்தது. முதுகு பாட்டிலைக் கையில் பிடித்தபடி, எதைச் சொன்னாலும் வேறொன்றாகக் கேட்கிற அத்தனை முகங்களையும் பார்த்தாள். பக்கத்தில் மேலாளரின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்துகொண்டிருந்தது.

சில நாள் கழித்து மேலாளர் பழக்கூடையோடு அவள் வீட்டுக்கே வந்தார். இளந்தூறலை நிறுத்தியாயிற்று என்றார். அதற்குப் பதில் 'மாநுரை' வருகிறது என்றார். உள்ளே என்ன என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"இந்தத் தடவை முதுகு இல்லம்மா, முகம்! உங்க முகம். 'உண்மை பேசும் பெண்'னு தெருவுக்குத் தெரு பேனர் வைக்கிறோம். அன்னிக்கு மேடையில நீங்க பேசினதுல ஊரே உங்களை நம்புது. அந்த நம்பிக்கையை வீணாக்கக் கூடாது பாருங்க."

நாத்தனார் மூச்சுவிடாமல் நின்றாள். எதிர் வீட்டுக் கதவு லேசாகத் திறந்திருப்பது இங்கிருந்தே தெரிந்தது. முதுகுக்கு ஆசை இல்லாமல் இல்லை. தெருமுனையில் ஆளுயரத்துக்குத் தன் முகம். காவலாளி அண்ணாந்து பார்ப்பார், டாக்டர் பார்ப்பார், கரைக்கு வந்து இறங்கியதும் கணவன் பார்ப்பான். ஒரு நிமிஷம் அதை மனசுக்குள் முழுசாகப் பார்த்தாள். பிறகு காதோரம் முளைத்திருந்த குட்டி முடியை விரலால் தடவிக்கொண்டாள்.

"விளம்பரத்துல அதை என் தலையில போடுவீங்களா சார்?"

"போடாம எப்படிம்மா? நுரை வேணும்ல?"

"அப்ப வேண்டாம் சார்."

மேலாளர் கெஞ்சினார், பிறகு மிரட்டினார், பிறகு பழக்கூடையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். இனி அந்த முதுகு ஸ்டூடியோ வாசலை மிதிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். அடையாளம் தெரியட்டும் என்று காவலாளிக்கு ஒரு படமும் அனுப்பி வைத்தார். கம்பெனியில் அவள் படம் என்று இருந்ததெல்லாம் பின்பக்கத்துப் படங்கள்தான்; அதில் நல்லதாக ஒன்றைப் பார்த்து அனுப்பினார்கள். வேலையை விட்டுப் போன வழுக்கை சார் ஆய்வுக்கூடத்தில் மிச்சமிருந்த இளந்தூறல் பாட்டில்களை ஒரு பெட்டியில் கொண்டு வந்து அவளிடம் கொடுத்தார். "நீங்க ஒருத்தராவது சரியா தேய்க்கிறீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதுகு ஒரு தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். பெட்டி மெல்லக் காலியாகிக்கொண்டு வந்தது. கடைசிப் பாட்டில் உடைக்காமல் அலமாரியில் இருந்தது. அதை எடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

ஒரு விடுமுறை நாள் டிவியில் மாநுரை விளம்பரம் வந்தது. புது முதுகு. சின்னப் பெண் என்று கழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நல்ல அடர்த்தியான முடி. மலை மலையாக நுரை. "உங்கள் உச்சந்தலைக்கு ஒரு தாயின் தொடுதல்..." என்று அதே குரல் உருகியது.

"எவ்வளவு நுரை பாத்தியா!" என்று எதிர் வீட்டு அம்மாள் சொன்னாள். அவள் டிவி பார்க்க வந்திருந்தாள். கொஞ்ச நாளாகத் தலையைச் சொறிந்துகொண்டே பேசுகிற பழக்கம் அவளுக்கு வந்திருந்தது. "இந்தப் பொண்ணு என்ன சுகமா உக்காந்திருக்கு!"

முதுகு நுரையைப் பார்க்கவில்லை. தண்ணீர் விழுந்த கணத்தில் அந்தப் பெண்ணின் வலது தோள் துளியூண்டு காதை நோக்கி எழும்பி, சட்டென்று இறங்கியதைப் பார்த்தாள். உலகத்தில் வேறு யாருக்கும் அது தெரிந்திருக்காது. கால் விரல்கள் தரையில் அழுந்துவது திரைக்கு வெளியேதான் நடக்கும், அதுவும் இவளுக்குத் தெரிந்தது. "எரியுதுடி அந்தப் பிள்ளைக்கு," என்றாள் நாத்தனாரிடம். அலமாரியைத் திறந்து கடைசிப் பாட்டிலை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஸ்டூடியோ வாசலில் காவலாளி அவளை நிறுத்தினார். அவர் மேஜைக்கு மேலே சுவரில் அவளுடைய பின்பக்கத்துப் படம் ஒட்டியிருந்தது. கீழே 'அனுமதி இல்லை' என்று சிவப்பில் எழுதியிருந்தது.

"யாரும்மா நீங்க, யாரைப் பாக்கணும்?"

வருஷக்கணக்கான பழக்கத்தில் அவள் உடம்பு பாதி திரும்பிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நின்றாள். "புது முதுகுக்கு அக்கா நான். அவளுக்குத் தலைக்குப் போடுறது கொண்டு வந்திருக்கேன்."

காவலாளி அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். சுவரிலிருந்த படத்தையும் பார்த்தார். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் தெரியவில்லை. "சரி, போங்கம்மா," என்றார். அவள் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, பக்கவாட்டில் நகர்ந்து, முகத்தை அவர் பக்கமே வைத்துக்கொண்டு உள்ளே போய்ச் சேர்ந்தாள். இந்த அம்மாவுக்கு இடுப்பில் ஏதோ பிடிப்பு போல என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஒப்பனை அறையில் அந்தப் பெண் தனியாக உட்கார்ந்து, சீப்பின் கைப்பிடியால் மண்டையைச் சொறிந்துகொண்டிருந்தாள். ஆள் வந்ததும் சட்டென்று கையை இறக்கிச் சிரித்தாள். முதுகு பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டிலை அவள் மடியில் வைத்து, எப்படிப் போட வேண்டும் என்று சொன்னாள். வெதுவெதுப்பான தண்ணீர், மண்டையில் மட்டும், விரல் நுனி, நல்லா அலசு, ஒற்றி எடு. அந்தப் பெண் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"இதுல நுரை வருமாக்கா?"

"வராது. எரியவும் எரியாது."

அந்தப் பெண் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு, "எனக்கு எரியுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. முதுகு அவள் வலது தோளில் கையை வைத்து ஒரு அழுத்து அழுத்தினாள்.

"இதைத் தூக்காம இருக்கக் கத்துக்காதே. தூக்கு. கத்து. எழுந்து வா."

வெளியே அழைப்பு மணி அடித்தது. "முதுகு வந்தாச்சா?" என்று யாரோ கத்தினார்கள். இரண்டு பேருமே பழக்கத்தில் நிமிர்ந்தார்கள்.

திரும்பும்போது அவளுக்கு மறைந்து நடக்கத் தோன்றவில்லை. பின்னலை அவிழ்த்துவிட்டு, நிதானமாக வாசலைத் தாண்டி நடந்தாள். ஆறிய தலையிலிருந்து இறங்கிய முடி இடுப்புக்குக் கீழே ஆடியது. பின்னாலிருந்து காவலாளி வாய் நிறைய, "போயிட்டு வாங்கம்மா!" என்றார். அடுத்த நொடி நாற்காலி தடாலென்று சரிகிற சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.